மலாஞ்ச்கண்ட் செம்பு பற்றித் தெரிந்தவர்கள் யாராவது?

வணக்கம். பெங்களூரு அல்சூரில் தங்கி எம்.எஸ்சி. நிலவியல் படிக்கிறேன் (வீட்டில் இன்னும் புவியியல் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்). ஆய்வேட்டுக்கு மத்தியப் பிரதேசம், பாலாகாட் மாவட்டத்தின் மலாஞ்ச்கண்டை எடுத்திருக்கிறேன்.

கிரானைட்டுக்குள் பெரிய குவார்ட்ஸ் பாறை, அதில் சால்கோபைரைட் (செம்புத் தாது), கூடவே கொஞ்சம் மாலிப்டினைட் (மாலிப்டினத் தாது). ரீனியம்-ஆஸ்மியம் முறையில் (கதிரியக்கச் சிதைவை வைத்து வயது கணிப்பது) அந்த மாலிப்டினைட்டின் வயது சுமார் 249 கோடி ஆண்டுகள் என்று வந்திருக்கிறது. சிலி, பெரு செம்புப் படிவுகள் பெரும்பாலும் சில கோடி ஆண்டுகளே ஆனவை. இவ்வளவு பழையதை அந்தப் போர்ஃபிரி வகையில் (மாக்மாவிலிருந்து வந்த சூடான கரைசல்கள் படியவைத்த செம்பு) சேர்க்கலாமா என்பதில்தான் சண்டையே. சேர்க்கலாம் என்பது என் கட்சி, வழிகாட்டி ஒப்புக்கொள்ளவில்லை.

இந்துஸ்தான் காப்பர் 1982-இல் திறந்தவெளிச் சுரங்கம் தொடங்கியது. அதற்கு முந்தைய துளையிடல் விவரங்கள்தான் எனக்கு வேண்டும். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் தளத்தில் தேடினேன். பழைய அறிக்கைகளைப் பிடிக்கும் வழி புரியவில்லை. அங்கே வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஐயா, அம்மா யாராவது இருந்தால் அரை மணி நேரம் பேச முடியுமா? குமாரசாமி லேஅவுட் பக்கம் என்றாலும் வந்துவிடுவேன்.

அப்புறம் இன்னொன்று: கைமாதிரியில் மாலிப்டினைட்டையும் கிராஃபைட்டையும் எப்படிப் பிரிக்கிறீர்கள்? இரண்டும் விரலில் கறுப்பாக ஒட்டுகின்றன. மாலிப்டினைட்டில் லேசான நீலம் தெரியும் என்கிறார்கள், எங்கள் ஆய்வக டியூப்லைட்டில் எல்லாமே நீலம்தான்.