பூங்காவுக்கு வசூல் போன அனுபவம் யாருக்காவது உண்டா?

செக்காலைவாசி:
காரைக்குடியில் எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென்று விட்ட இடம் பல வருடமாகச் சீமைக்கருவேலங்காடாகத்தான் கிடந்தது. நாலு பேர் ரசீது புத்தகம் அடித்து வசூலுக்குக் கிளம்பினோம். எல்லாருக்கும் தெரிந்த கதைதான், விடுங்கள். எனக்கு இன்னும் உறுத்துவது ஒரே ஒரு வீடு.

வளவில், அதாவது வீட்டு உள்முற்றத்தில், உட்கார்ந்து மோர்மிளகாய் காய வைத்துக்கொண்டிருந்த ஆச்சி, கையைத் துடைத்துவிட்டு ரசீது புத்தகத்தை வாங்கினார். அடிக்கட்டை ஒவ்வொன்றாகப் புரட்டினார். பிறகு எங்கள் செலவுக் கணக்குத் தாளையும் கேட்டு வாங்கிப் படித்தார். "வேலிக்கு எழுதியிருக்கீக, கன்னுக்கு எழுதியிருக்கீக. தண்ணி ஊத்துறவனுக்குச் சம்பளம் எங்க தம்பி?"

அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் ஆச்சி என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி, பேனாவை அதன் மேல் வைத்து, திருப்பி நீட்டினார். நாலு பேருக்கும் மோர் வந்தது. பணம் வரவில்லை.

அறுபது கன்று வைத்தோம். சித்திரை வெயிலைத் தாண்டியது மூன்று.

ரஸ்தாக்காரன்:
நீங்கள் ஆச்சியிடம் மாட்டினீர்கள், நான் ஆபீசில் மாட்டினேன். எந்த ஊர் என்று கேட்காதீர்கள். ஊருணிக்கரையில் மரமும் நடைபாதையும் வேண்டுமென்று நமக்கு நாமே திட்டத்தில் கேட்டோம். மக்கள் பங்கு பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒன்று, மீதி அரசு. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். தெருவில் புரட்டி டிடி எடுத்தாயிற்று. அதற்குள் மதிப்பீட்டைத் திருத்த வேண்டும் என்றார்கள். திருத்தி வந்தால் கையெழுத்துப் போடுகிறவர் மாறிவிட்டார். ஒரு நாள் டிடியைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து நீட்டினேன், வேர்வையில் ஓரம் நைந்திருந்தது. குமாஸ்தா மூக்குக்கண்ணாடியை உயர்த்தித் தேதியைப் பார்த்தார். "மூணு மாசம் முடிஞ்சிருச்சே சார்."

பாங்கில் புதுப்பித்துத் தந்தார்கள். ஆனால் அதற்குள் பாதிப்பேர் காசைத் திருப்பிக் கேட்டுவிட்டார்கள்.

பள்ளத்தூரான்:
எதற்கு இந்த ஆபீஸ் படி ஏறுவது? செட்டிநாட்டில் ஊருணி வெட்டியது எந்தத் திட்டத்தில்? வியாபாரத்தில் மகமை என்று ஒரு பங்கை எடுத்து வைத்தார்கள், கோயிலும் குளமும் அதில் நடந்தது. கோயில் காரியத்துக்கு இன்றைக்கும் குடும்பத்தைப் புள்ளியாக எண்ணிப் புள்ளி வரி கட்டுகிறோம். நந்தவனம் என்பது என்ன, பூங்கா இல்லையா? முதல் பதிவு போட்டவர் ஆச்சி பணம் தரவில்லை என்று வருத்தப்படுகிறார். ஆச்சி கேட்டது சரியான கேள்வி.

ரஸ்தாக்காரன்:
அண்ணே, சரிதான் என்றுதானே அவரும் எழுதியிருக்கிறார்? புள்ளி வரி கோயில் பங்காளிகளுக்குள் நடக்கிறது. எங்கள் தெருவில் வாடகைக்கு இருக்கிறவர்கள், பஸ் ஸ்டாண்டில் கடை போட்டவர்கள், மதுரையிலிருந்து மாற்றலாகி வந்தவர்கள், பத்துப் பூட்டிய வீடு. புள்ளி யாரிடம் எண்ணுவது?

கோட்டையூர் பென்ஷனர்:
என் அனுபவம் சின்னது. ஒரு கம்பெனி சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்) நிதியில் கன்று நட்டுக் கொடுத்தது. போர்டு எட்டடி, கன்று ஒன்றரை அடி. போட்டோ எடுத்த மறுநாள் ஆடு மேய்ந்துவிட்டது. அந்த ஆட்டுக்காரர் என் பக்கத்து வீடு, இன்றைக்கும் சரியாகப் பேசுவதில்லை.

ஆனால் இதைப் படிக்கிற பிள்ளைகளுக்குச் சிலது சொல்ல வேண்டும். முதலில் இடம் யாருடையது என்று பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேல் மனை பிரித்தால், சாலை போக மீதியில் 10 சதவீதத்தைப் பூங்கா மாதிரிப் பொது இடத்துக்கென்று தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சிக்குக் கொடுத்தாக வேண்டும். பத்திரம் பதிவாகியிருக்கிறதா என்று வில்லங்கம் போட்டுப் பாருங்கள். ஆகாத இடத்தில் மரம் வைத்தால் நாளைக்கு ஒருவன் பவர் பத்திரத்தோடு வந்து நிற்பான்.

கம்பெனிப் பணம் என்றால் 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவு. பெரிய கம்பெனிகள் லாபத்தில் 2 சதவீதம் செலவழிக்க வேண்டும், சுற்றுச்சூழலும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆனால் உங்கள் தெருச் சங்கத்தின் கையில் கொடுக்க மாட்டார்கள். வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவு, மூன்று வருட வேலை அனுபவம், 2021 ஏப்ரலிலிருந்து சி.எஸ்.ஆர்-1 படிவம் எல்லாம் கேட்பார்கள். ஏற்கெனவே பதிவு உள்ள அறக்கட்டளையோடு சேர்ந்து போங்கள். அதிலும் வேலிக்கும் போர்டுக்கும் தருவார்கள், தோட்டக்காரருக்குத் தர மனசு வராது. ஆகவே உள்ளூரில் வசூலித்த பணத்தை வேலிக்குச் செலவழிக்காதீர்கள். வைப்புநிதியில் போட்டு வட்டியில் தண்ணீர் ஊற்றுங்கள். கோயில் கட்டளை அப்படித்தானே ஓடுகிறது?

நம் மண் செம்பொறை, கல்லாக இறுகிய சிவப்பு மண். மூன்றடிக் குழி எடுத்து வண்டல் போடாமல் எதுவும் பிடிக்காது. வேம்பு, புங்கை, நாவல், இலுப்பை வையுங்கள். ஐப்பசி மழைக்கு முன்னால் நட்டுவிடுங்கள். சித்திரையில் மந்திரி வருகிறார் என்று நடாதீர்கள்.

செக்காலைவாசி:
ஐயா, நாங்கள் நட்டது மாசியில்.

புதுவயல் மருமகள்:
எங்கள் தெருவில் பெண்கள் சேர்ந்து பூட்டிய வீட்டுப் பின்கட்டில் காய்கறி போட்டோம். வீட்டுக்காரர்கள் மலேசியாவில், வாட்ஸப்பில் சரி என்றார்கள். விதைக்குச் சீட்டுப்பணத்திலிருந்து எடுத்தோம். கீரை ஆளுக்கு ஒரு பிடி, சண்டை இல்லை. முருங்கை காய்த்ததும்தான் சண்டை. யார் தண்ணீர் ஊற்றினார்கள், யார் பறிக்கிறார்கள் என்று. கடைசியில் எங்கள் அயித்தை சொன்னபடி, பிள்ளையார் கோயில் வாசலில் வைத்து ஏலம் விட்டோம். திருவிழாவில் எலுமிச்சம்பழம் ஏலம் போகிற மாதிரி ஒரு கட்டு முந்நூறு ரூபாய்க்குப் போனது! மோட்டார் ரிப்பேருக்கு ஆயிற்று என்று எல்லாரும் கைதட்டினோம்.

ஏலம் எடுத்தவர் எதிர்வீட்டு அண்ணன். காயைக் கையோடு வாங்கிக்கொண்டு போனார், அன்று மாலையே சாம்பார் வாசம் தெருவுக்கே வந்தது. பணம் இன்னும் வரவில்லை. தினமும் பார்க்கிறோம், தினமும் "சாப்பிட்டாச்சா" என்று கேட்கிறார்.