சிறுவர் கைவேலைச் செய்முறைகளைக் கொடுக்க முதல் எப்படிச் சோதிப்பது?

பாலைப்பழம் (கிளிநொச்சி)

வணக்கம். சனசமூக நிலையத்துச் சிறுவர் வகுப்புக்கென்று இணையத்தில் பன்னிரண்டு கைவேலைச் செய்முறைகள் எடுத்து வைத்திருக்கிறோம். காகிதக் காத்தாடி, வெட்டி ஒட்டும் மூடிப்பெட்டி, யோகட் கோப்பைப் பொம்மை, ஓலைக் கிலுகிலுப்பை, இப்படி. சில வீடியோ, சில படம் போட்ட பீடிஎஃப். பிள்ளைகளுக்கு 8 முதல் 11 வயது. தாளைப் பார்த்துத் தாங்களே செய்ய வேண்டும் என்பதுதான் எண்ணம். எது உதவும் என்று மூன்று பேர் வாசித்துப் புள்ளி போட்டோம். மூன்றும் மூன்று விதம். ஒழுங்கான முறை ஏதும் இருக்கிறதா? பிரின்ட் எடுத்தால் கறுப்பு வெள்ளைதான்.

ஈர்க்குக்கட்டு

வாசித்துப் புள்ளி போடுவதை விடுங்கள். காத்தாடி எப்படி முடியும் என்று பெரியவருக்கு முன்னமே தெரியும், அதனால் இரண்டு படங்களுக்கு இடையில் விடுபட்டதை மனம் தானே நிரப்பிவிடும். பிள்ளை அந்த இடத்தில்தான் நிற்கும். செய்யவிட்டுப் பார்ப்பது ஒன்றே வழி.

ஒரு செய்முறைக்கு ஐந்தாறு பிள்ளைகள் போதும். 8-9 வயதையும் 10-11 வயதையும் கலக்காதீர்கள். சாமான்களை ஒரு தட்டில் வையுங்கள், தேவையில்லாத இரண்டு மூன்றையும் சேர்த்து. பட்டியலை வாசித்துச் சரியானதை எடுக்கிறார்களா என்று அப்போதுதான் தெரியும். தொடங்க முதல், "நாங்கள் பார்க்கிறது இந்தத் தாள் நல்லதா என்று, உன்னை இல்லை" என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பரீட்சை என்று நினைத்துப் பிழையை மறைப்பார்கள்.

பார்ப்பவர் பக்கவாட்டில் கொஞ்சம் பின்னால் இருக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் ஓர் எண்: தானே செய்தால் 0, "தாளைத் திரும்பப் பார்" என்று சொல்ல வேண்டி வந்தால் 1, வாயால் விளக்கினால் 2, கைவைத்துச் செய்து கொடுத்தால் 3. பிள்ளை நின்றவுடன் ஓடக்கூடாது. மனதுக்குள் முப்பது எண்ணிய பிறகே வாய் திறக்கலாம். இதுதான் பெரியவருக்குக் கஷ்டம். ஐந்து பேரில் இரண்டு பேருக்கு ஒரே படியில் 2 அல்லது 3 விழுந்தால் அந்தப் படியைத் திருத்தி எழுத வேண்டும். பிள்ளையில் குறையில்லை.

ஒன்று கவனம். ஐந்து பேரை வைத்துப் பிழை பிடிக்கலாம், வீதம் சொல்ல முடியாது. "நால்வர் முடித்தார்கள், ஆகவே 80 வீதம் நல்லது" என்று அறிக்கையில் எழுதிவிடாதீர்கள்.

ஓலைப்பெட்டி

காத்தாடியை வைத்துச் சொல்கிறேன், பிழை எங்கே பிறக்கிறது என்று தெளிவாகத் தெரியும்.

அநேகமான தாள்களில் "மூலையிலிருந்து நடுவை நோக்கி வெட்டவும்" என்று மட்டும் இருக்கும். எங்கே நிறுத்துவது? பிள்ளை நடுவரை வெட்டிவிடும், காகிதம் நான்கு துண்டு. 15 செ.மீ. சதுரம் என்றால் மூலையிலிருந்து நடு 10.6 செ.மீ.; "8 செ.மீ. வெட்டி நிறுத்து" என்று எழுதி, அந்த இடத்தில் ஒரு புள்ளியும் வைத்தால் 2.6 செ.மீ. மிஞ்சும். அடுத்த இடறல் முனைகள். வெட்டிய பிறகு எட்டு முனைகள் இருக்கும், ஒன்றுவிட்டு ஒன்று நான்கைத்தான் நடுவுக்கு மடிக்க வேண்டும். வண்ணப்படத்தில் அந்த நான்கும் சிவப்பாக இருக்கும். போட்டோகொப்பியில் சிவப்பும் நீலமும் ஒரே சாம்பல். நான்கு முனைகளிலும் குறுக்குக்கோடு போடுங்கள், அல்லது க, ங, ச, ஞ என்று எழுத்து இடுங்கள். மூன்றாவது, காகிதத்துக்கும் தடிக்கும் இடையில் ஒரு மணியோ, பேனைக் குழாயில் வெட்டிய சிறு துண்டோ வேண்டும். அது பட்டியலில் இருக்கும், படத்தில் தெரியாது. அதை விட்டால் காத்தாடி தடியில் உரசிச் சுற்றாது. "ஊசியை இறுக்கமாகக் குத்தவும்" என்று எழுதியிருந்தால் அந்த வரியையே வெட்டுங்கள். தடிக்குப் பின்னால் வரும் ஊசிமுனையை மடக்கி, அதன்மேல் ஓர் அழிறப்பர் துண்டு செருக வேண்டும் என்று தனிப்படியாக எழுதுங்கள்.

மூடிப்பெட்டி அமெரிக்கத் தளத்து வார்ப்புரு என்றால் இன்னொரு கரைச்சல். அவர்களுடைய தாள் 216 × 279 மி.மீ., எங்களுடைய ஏ4 210 × 297. பிரின்டர் தாளுக்குப் பொருத்தினால் ஏறக்குறைய 97 வீதமாகச் சுருங்கும். மூடியை ஒரு நாளும் அடியை இன்னொரு நாளும் வேறு வேறு அமைப்பில் எடுத்தால் பொருந்தவே பொருந்தாது, பிள்ளை ஒட்டினது பிழை என்று நினைக்கும். ஒவ்வொரு பக்கத்திலும் 5 செ.மீ. கோடு ஒன்று போட்டு, பிரின்ட் எடுத்தவுடன் அடிமட்டத்தால் அளந்து பாருங்கள்.

மடிப்புக் கோடுகளையும் பாருங்கள். யோஷிசாவா முறையில் (ஒரிகாமி என்கிற காகித மடிப்புப் படங்களில் வழக்கமான குறியீடு) உள்மடிப்புக்கு விட்டு விட்டு வரும் கோடு, வெளிமடிப்புக்குக் கோடும் புள்ளியும் மாறி மாறி வரும். மங்கின கொப்பியில் புள்ளி அழிந்து இரண்டும் ஒன்றாகிவிடும். பக்கத்திலேயே "உள்ளே", "வெளியே" என்று எழுதுவது பாதுகாப்பு.

நந்திக்கடல்

சொற்களை ஒருவரும் தொடவில்லை.

இந்தியத் தளத்தில் எடுத்த தாளில் "கோட்டின் மேல் கீறவும்" என்று வரும். அவர்கள் சொல்வது, மட்டை ஒழுங்காக மடிய ஒரு தழும்பு போடச் சொல்லி. எங்கள் பிள்ளைக்குக் கீறுவது என்றால் வரைவது. பென்சிலால் இன்னொரு கோடு கீறிவிட்டு மடிக்கும், மட்டை வெடிக்கும். "மை தீர்ந்த பேனையால் அழுத்தி இழு" என்று எழுதினால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. ஸ்கேல் என்றால் அடிமட்டம், சார்ட் அட்டை என்றால் பிரிஸ்டல் போர்ட், ஐஸ் குச்சி என்றால் ஐஸ்பழத் தடி. காத்தாடி என்று தேடினால் சென்னைக்காரர் பட்டம் செய்து காட்டுவார், அதையும் பாருங்கள். இயந்திர மொழிபெயர்ப்பில் உள்மடிப்பு "பள்ளத்தாக்கு மடிப்பு" என்று வந்த தாளை அப்படியே குப்பையில் போடலாம்.

மாற்றுச் சாமானையும் செய்து பார்த்தே எழுத வேண்டும். கம்பளிக் கம்பிக்கு (பைப் கிளீனர்) பதில் ஈர்க்கு என்று எழுதுவது சுகம், ஆனால் காய்ந்த ஈர்க்கு வளைத்தால் முறியும். பசைக்கு: கால் கோப்பை கோதுமை மாவைக் கால் கோப்பை குளிர்ந்த தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஒரு கோப்பை கொதிநீரில் ஊற்றி, தடிக்கும்வரை துழாவ வேண்டும். அடுப்பு வேலை பெரியவருடையது. "ஒரு மணித்தியாலம் காயவிடவும்" என்பது சோளகக் காற்றில் சரி, மாரியில் அடுத்த நாளும் பிசுபிசுக்கும். ஓலை அதற்கு மறுதலை. வெயிற்காலத்தில் காய்ந்து மடிப்பிலேயே பிளக்கும், ஈரத்துணியில் சுற்றி வைத்து எடுக்க வேண்டும். ஆனால் சொட்டச் சொட்ட நனைத்துப் பின்னினால் காயும்போது சுருங்கிப் பின்னல் தளர்ந்துவிடும். காகிதக் கீலத்துக்கு எழுதிய செய்முறையில் இது ஒன்றும் இருக்காது, ஆகவே கிலுகிலுப்பைத் தாளைத் தனியாகச் சோதியுங்கள்.

பாலைப்பழம்

நன்றி. வீடியோவை எப்படிப் பார்ப்பது? முடிவில் சிரிக்கிற முகம், அழுகிற முகம் காட்டிப் பிடித்ததா என்று கேட்கலாமா?

ஈர்க்குக்கட்டு

வீடியோவில் முதலில் கமரா எங்கே நிற்கிறது என்று பாருங்கள். செய்பவருக்கு எதிரே நின்றால் இடமும் வலமும் மாறும், பின்னலில் அது பெரிய குழப்பம். தோளுக்கு மேலால் எடுத்தது நல்லது. முக்கியமான மடிப்பை வேகமாக ஓட்டியிருக்கிறார்களா, கை மறைக்கிறதா என்றும் பாருங்கள். சோதனையில் எத்தனை தரம் நிறுத்தினார்கள், எந்த நிமிடத்துக்குத் திரும்பினார்கள் என்று குறியுங்கள். மூன்று பேர் ஒரே இடத்துக்குத் திரும்பினால் அந்த இடத்தை நிற்கும் படமாக எடுத்துத் தாளில் ஒட்டுங்கள். போன் திரை அரை நிமிடத்தில் அணையாதபடி மாற்றிவிடுங்கள், பசைக் கையால் திரை திறக்காது.

முகம் காட்டிக் கேட்கும் முறை இருக்கிறது, ஜெனட் ரீட், ஸ்டுவர்ட் மக்ஃபார்லேன் என்ற ஆய்வாளர்கள் அதைச் சிறுவருக்கென்றே அமைத்தார்கள். சின்னப் பிள்ளைகள் அநேகமாக எல்லாவற்றுக்கும் ஆகச் சிரிக்கிற முகத்தையே காட்டுவார்கள், அதால் தாள்களைப் பிரித்தறிய முடியாது. "இதைத் திரும்பச் செய்வியா? ஓம், இருக்கலாம், இல்லை" என்று எல்லாத் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். அதைவிட நல்லது, செய்து முடித்த பிள்ளையிடம் அதே தாளைக் கொடுத்து இன்னொரு பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க விடுவது. எந்தப் படியில் தாளைப் பார்க்காமல் தன் கையைக் காட்டுகிறதோ, அந்தப் படியில் தாள் போதாது.

ஓலைப்பெட்டி

பன்னிரண்டையும் ஒரே நாளில் வேண்டாம். ஒரு பிள்ளைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் போனால் பிழை தாளிலா களைப்பிலா என்று பிரிக்க முடியாது. காத்தாடியில் தொடங்குங்கள், படி குறைவு.