ரிசீவரின் வாட் கணக்கும் மைனஸில் ஓடும் வால்யூமும்

கேள்வி:
எங்கள் ஹாலில் 5.1 ஸ்பீக்கர் அமைப்பு (ஐந்து ஸ்பீக்கர்களும் தாழ்ந்த ஒலிக்கான ஒரு சப்வூஃபரும்) உள்ளது; நாங்கள் உட்காரும் இடம் ஸ்பீக்கர்களிலிருந்து ஏறத்தாழ 3 மீட்டர். அவற்றை இயக்கும் ஆம்ப்ளிஃபயரான ரிசீவர் வந்த பெட்டியில் சேனலுக்கு, அதாவது ஒரு ஸ்பீக்கருக்கு, 150 வாட் என்று அச்சிட்டிருக்கிறார்கள், கையேட்டிலோ 80 வாட் என்றிருக்கிறது. வால்யூமைக் கூட்டினால் −40, −30 என்று மைனஸில்தான் எண் ஓடுகிறது; −20 வைத்தாலே காது நிறைந்துவிடுகிறது. அப்படியானால் ரிசீவரின் திறனில் பாதியைக்கூட நான் பயன்படுத்தவில்லையா? இன்னும் அதிக வாட் உள்ளதை வாங்கினால் பயன் உண்டா?

மறுமொழி 1:
இரண்டு எண்களும் பொய்யல்ல, அளந்த விதம்தான் வேறு. பெட்டியில் வரும் பெரிய எண் பெரும்பாலும் 6 ஓம் சுமையில் (ஓம் என்பது ஸ்பீக்கரின் மின்தடை), 1 கிலோஹெர்ட்ஸ் ஒலியை மட்டும் கொடுத்து, ஒரே ஒரு சேனலை இயக்கி, 10% வரை திரிபை (ஒலி சிதைவதை) அனுமதித்து எடுத்தது. கையேட்டு எண் 8 ஓம், 20 ஹெர்ட்ஸ் முதல் 20 கிலோஹெர்ட்ஸ் வரை, இரண்டு சேனல்கள், மிகக் குறைந்த திரிபு என்ற கட்டுப்பாடுகளோடு வருவது. நம்ப வேண்டியது அதைத்தான். எல்லாச் சேனல்களுக்கும் மின்சாரம் ஒரே டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வருவதால், ஐந்தும் ஒருசேர முழங்கும்போது அந்த 80 வாட்டும் குறையும். இந்த விளம்பரக் குழப்பத்தை ஒழுங்குபடுத்த அமெரிக்காவில் 1974-லேயே விதி கொண்டுவந்தார்கள் என்றால், சிக்கல் எவ்வளவு பழையது என்று பாருங்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது சரி. வால்யூம் பற்றிக் கேட்டதற்கு நான் பதில் சொல்கிறேன்.

அந்த மைனஸ் எண், மீதமிருக்கும் திறனைக் காட்டுவதல்ல. திரையரங்க ஒலி அளவிலிருந்து நீங்கள் எத்தனை டெசிபெல் கீழே இருக்கிறீர்கள் என்பதையே காட்டுகிறது. மைக் வைத்து ஸ்பீக்கர் அளவுகளைச் சரிசெய்த ரிசீவரில் 0 என்றால், ஒரு சேனலின் உச்ச ஒலி உங்கள் இருக்கையில் 105 டெசிபெல். −20 என்றால் 85. டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் 0 முதல் 98 வரை காட்டும் அளவுகோலையும் தேர்ந்தெடுக்கலாம். அதில் 80 என்பதுதான் இந்த 0 டெசிபெல்.

இப்போது வாட் கணக்கு. உங்கள் ஸ்பீக்கரின் சென்சிட்டிவிட்டி 87 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம்: 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தொலைவில் 87 கிடைக்கும், 3 மீட்டரில் அது ஏறத்தாழ 77.5 ஆகக் குறையும். எனவே −20-இல் உச்ச ஒலிக்கு 6 வாட் போதும். ஆனால் ஒவ்வொரு 10 டெசிபெலுக்கும் பத்து மடங்கு வாட் வேண்டும் என்பதால் −10-இல் 56 வாட்டும், 0-வில் 560 வாட்டும் தேவைப்படும். (சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலியால் உண்மைத் தேவை சற்றுக் குறையும்.) ஆகவே 80 வாட்டிலிருந்து 150 வாட்டுக்குப் போனாலும் கிடைப்பது 3 டெசிபெலுக்கும் குறைவு, காதுக்கு அது சிறு வேறுபாடுதான்.

கேட்டவர்:
மிக்க நன்றி. சண்டைக் காட்சிகள் இரைகின்றன, வசனம் மட்டும் அடங்கிக் கேட்கிறது. இதற்கும் வாட்தான் காரணமோ என்று எண்ணியிருந்தேன்.

மறுமொழி 2:
இல்லை. சென்டர் ஸ்பீக்கரின் அளவை 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்துங்கள், இரவில், உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைக்கும் டைனமிக் ரேஞ்ச் கம்ப்ரஷனை இயக்குங்கள். ரிசீவரின் அமைப்புகளில் ஸ்பீக்கர்களை ‘ஸ்மால்’ என்று அமைத்து கிராஸ்ஓவரை (ஒலி சப்வூஃபருக்குப் பிரியும் எல்லையை) 80 ஹெர்ட்ஸில் வைத்தால், அதிக மின்சாரம் கேட்கும் தாழ்ந்த ஒலிகளைச் சப்வூஃபரிலுள்ள தனி ஆம்ப்ளிஃபயர் ஏற்றுக்கொள்ளும். பணம் செலவிடுவதானால் 90 டெசிபெலுக்கு மேல் சென்சிட்டிவிட்டி உள்ள ஸ்பீக்கருக்குச் செலவிடுங்கள். இருக்கும் ரிசீவரே தாராளமாகப் போதும்.