‘டைட்டானீக்’ பார்த்தவர்கள் எங்கே சிரித்தீர்கள்?

ஜெர்சி சிட்டியிலிருந்து

நியூயார்க்கில் 2025 ஜூன் வரை ஓடிய ‘டைட்டானீக்’ இசை நாடகத்தைப் பார்த்தவர்கள் நம்மில் சிலராவது இருப்பீர்கள். நாடகம் எப்படி என்று நான் கேட்கவில்லை; அதை விமர்சகர்கள் எழுதித் தீர்த்துவிட்டார்கள். அரங்கில் உங்களைச் சுற்றி இருந்தவர்கள் எங்கே சிரித்தார்கள், எங்கே சிரிக்காமல் இருந்தார்கள், நீங்கள் எந்த இடத்தில் அவர்களோடு சேர்ந்துகொண்டீர்கள் என்பதைத்தான் அறிய விரும்புகிறேன்.

பார்க்காதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டைட்டானிக் அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களிடையே பாடகி செலீன் டியோன் திடீரென்று நுழைந்து, அந்தக் கப்பலில் தானும் பயணம் செய்ததாகச் சாதித்து, ஜேம்ஸ் கேமரூனின் 1997ஆம் ஆண்டு ‘டைட்டானிக்’ படத்தின் கதையைத் தன் பாடல்களைக் கொண்டே சொல்லி முடிக்கிறார். டை ப்ளூ, மார்லா மிண்டெல், கான்ஸ்டன்டைன் ரூசூலி ஆகிய மூவர் எழுதியது. ஏற்கெனவே புகழ்பெற்ற பாடல்களைக் கோத்துக் கதை சொல்லும் ஜுக்பாக்ஸ் வகை என்பதால், பாட்டின் முதல் இரண்டு சுரங்கள் காதில் விழுந்தவுடனேயே, அது இந்த இடத்திலா வருகிறது என்று பாதி அரங்கு சிரித்துவிடுகிறது.

நான் பார்த்தது 2022ஆம் ஆண்டுக் கோடையில், செல்சி பகுதியில் ஒரு சூப்பர்மார்க்கெட்டுக்கு அடியில் அப்போது இருந்த அசைலம் அரங்கில். செலீனாக வருபவர் ஒரு கட்டத்தில் எழுதிக்கொடுத்ததை விட்டுவிட்டு அன்றன்றைக்குத் தோன்றியதைப் பேசுவது இந்த நாடகத்தின் வழக்கம். அப்போது அவரைப் பார்த்தவர்களைவிட, பின்னால் நின்ற காதலர்கள் ஜாக்கையும் ரோஸையும் பார்த்தவர்களே அதிகம். ஜாக் உதட்டைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். ரோஸ் முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார், ஆனால் அவர் தோள்கள் குலுங்கின. அரங்கு வெடித்தது அங்கேதான். சிரிக்கக் கூடாதவர் சிரிப்பை அடக்குவதைவிடப் பெரிய நகைச்சுவை மேடையில் இல்லை என்பது என் எண்ணம். அந்தச் சிறிய அறையில் மூன்றாம் வரிசையில் ஒருவர் தாமதமாகச் சிரித்தாலும் அது மேடைக்குக் கேட்டது. நடிகர்கள் அதற்காகக் காத்திருந்து அடுத்த வசனத்தைத் தொடங்கினார்கள்.

எடிசனிலிருந்து (நியூ ஜெர்சி)

நானும் அம்மாவும் பார்த்தது யூனியன் சதுக்கத்தில், பழைய வங்கிக் கட்டடத்தில் இயங்கும் டேரில் ராத் அரங்கில். 2022 நவம்பரில் நாடகம் அங்கே மாறிவிட்டிருந்தது. அம்மாவுக்குச் செலீன் டியோனின் ஒரே ஒரு பாட்டுத்தான் தெரியும். ஆகவே அரங்கு சிரித்த இடங்களில் பாதிக்கு அவர் சிரிக்கவில்லை. கப்பலை வடிவமைத்தவராகப் படத்தில் நடித்த விக்டர் கார்பரை, நாடகத்தில் பாத்திரத்தின் பெயரை விட்டுவிட்டு நடிகரின் பெயரைச் சொல்லியே அழைக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என் பக்கத்து இருக்கைக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார், அம்மா பொறுமையாக மணியைப் பார்த்தார்.

ஆனால் ரோஸின் தாய் ரூத் வந்தவுடன் நிலைமை தலைகீழானது. அந்த வேடத்தை ஓர் ஆண் நடிகர் கட்டியிருந்தார். கழுத்தை ஒடித்து, விசிறியைப் போல் கையை விரித்து, மகளை அதட்டிய விதத்தைக் கண்டு அம்மா கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஸ்திரீபார்ட் நடிகர்களைப் பற்றித் தம் தந்தை சொல்லக் கேட்டு வளர்ந்தவருக்கு அதை விளக்க வேண்டியிருக்கவில்லை.

பிறகு பனிப்பாறை வந்தது. ஆம், பனிப்பாறையே ஒரு பாத்திரம். டினா டர்னரின் பாணியில் பளபளப்பாக உடுத்திக்கொண்டு, அவர் 1966இல் பாடிய, செலீனும் பின்னாளில் பாடிய ‘ரிவர் டீப் மவுன்டன் ஹை’ பாடலை முழங்கிக்கொண்டு ஆடியது. அரங்கில் பாதிப் பேர் எழுந்து நின்றுவிட்டார்கள். அம்மா என் காதருகே குனிந்து, “ஏண்டி, கப்பலைக் கவிழ்க்க வந்ததுக்கா இத்தனை கைதட்டல்?” என்று கேட்டார். அந்தக் காலத்தில் செத்துக் கிடந்த நாயகன் ‘ஒன்ஸ்மோர்’ குரலைக் கேட்டு எழுந்து இன்னொரு முறை பாடிவிட்டு மறுபடியும் சாவான் என்று பெரியவர்கள் சொல்வார்களே, அன்று பனிப்பாறையையும் அப்படி இரண்டாம் முறை மோதச் சொல்லியிருப்பார்கள் போலிருந்தது.

மொன்றியலிலிருந்து

இங்கே சீகல் மையத்தில் 2024 இலையுதிர் காலத்தில் பார்த்தேன். செலீன் பிறந்த ஷார்ல்மான் என்ற ஊர் இந்நகரத்துக்கு மிக அருகில்தான் இருக்கிறது; பதினான்கு பிள்ளைகளில் கடைக்குட்டி அவர் என்பது இங்கே சிறுவர்களுக்கும் தெரியும். அதனால் அரங்கில் இருந்தவர்கள் சிரித்த விதமே வேறாக இருந்தது என்று எனக்குப் பட்டது. அவரது ஆங்கில உச்சரிப்பைக் கேலி செய்யும் இடங்களில் முதலில் ஒரு நொடி தயக்கம் தெரிந்தது: கல்யாண வீட்டில் நம் பிள்ளையை அயலார் கேலி செய்யும்போது, முதலில் கேலி செய்பவர் முகத்தைப் பார்த்துவிட்டுப் பிறகு சிரிக்கிறோமே, அது போல. கேலிக்குப் பின்னால் அன்பு இருக்கிறது என்று தெரிந்தவுடன் சிரிப்பு கட்டவிழ்ந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உடல் தசைகள் இறுகிப்போகும் ‘ஸ்டிஃப் பெர்சன் சிண்ட்ரோம்’ என்ற நோய் தமக்கு இருப்பதை 2022 டிசம்பரில் செலீன் அறிவித்திருந்தார். 2024 ஜூலையில் பாரிஸ் ஒலிம்பிக் தொடக்க விழாவில் ஈஃபில் கோபுரத்திலிருந்து பாடினார். அதற்குச் சில மாதங்களுக்குள் நடந்த நாடகம் என்பதால், மேடைச் செலீன் மார்பில் ஓங்கித் தட்டிக்கொண்டு உச்ச சுரத்தைப் பிடித்தபோதெல்லாம் நகைச்சுவைக் காட்சி என்பதையே மறந்து அரங்கு ஆரவாரித்தது. எனக்கு முன்னால் இருந்த மூதாட்டி தாமும் அதே போல மார்பில் தட்டிக்கொண்டார், ஒவ்வொரு முறையும்.

லண்டனிலிருந்து

மேலே எழுதியவர்கள் மகிழ்ச்சியை எழுதிவிட்டார்கள். நான் சற்று மாறுபட்டதை எழுதுகிறேன். பிக்காடிலி சர்க்கஸில் பெரும்பகுதி நிலத்தடியில் இருக்கும் கிரைடீரியன் அரங்கில், 2025 ஏப்ரலில் நாடகம் லண்டன் மேடைக்கான ஒலிவியே விருதுகளைப் பெற்ற பிறகு போனேன். பனிப்பாறையாக நடித்த லேட்டன் வில்லியம்ஸுக்கும் விருது கிடைத்திருந்ததால், அவர் வருவதற்கு முன்பே கைதட்டத் தொடங்கிவிட்டார்கள். அது பாராட்டுதான், ஆனால் திகைப்பு போய்விட்டது.

என்னுடன் வந்த அலுவலக நண்பர் சவுத்தாம்ப்டனைச் சேர்ந்தவர். 1912 ஏப்ரல் 10 அன்று கப்பல் புறப்பட்டது அந்தத் துறைமுகத்திலிருந்துதான். அதில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அவ்வூரில் குடியிருந்தவர்கள், ஐந்நூறுக்கு மேற்பட்டோர் திரும்பவில்லை. உயிர்காக்கும் படகில் யாருக்கு இடம் என்பதை வாயசைப்புப் பாட்டுப் போட்டி வைத்துத் தீர்மானிக்கும் காட்சியில் அரங்கமே அதிர்ந்தது. அவர் மட்டும் கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏறத்தாழ 2,200 பேர் பயணம் செய்த கப்பலில் 1,178 பேருக்குத்தான் படகுகளில் இடம் இருந்தது என்று வெளியே வந்தபின் சொன்னார். அவர் நாடகத்தைக் குறை சொல்லவில்லை. அந்தக் காட்சி தமக்கு ஒட்டவில்லை என்றார், அவ்வளவுதான்.

ஜெர்சி சிட்டியிலிருந்து (மறுபடியும்)

லண்டன் நண்பர் சொன்னதைப் படித்துவிட்டு யோசித்தேன். இந்நாடகம் கேலி செய்வது 1912இல் மூழ்கிய கப்பலை அல்ல, 1997இல் நாமெல்லாம் அழுதுகொண்டே பார்த்த படத்தை என்பதே என் கருத்து. ஆனால் அந்த இடைவெளி சவுத்தாம்ப்டனில் பிறந்தவருக்கும் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க எனக்கு உரிமையில்லை.

எடிசன் சகோதரி எழுதியதில் ஒன்று மிக உண்மை. படத்தை மட்டும் அறிந்தவர், பாடல்களை மட்டும் அறிந்தவர், இரண்டும் அறியாதவர் என்று மூன்று வகையினரும் ஒரே வரிசையில் அமர்ந்து வெவ்வேறு நேரங்களில் சிரிக்கிறார்கள். மூவரும் ஒன்றாகச் சிரிப்பது ரூத்துக்கும் பனிப்பாறைக்கும்தான்.

2026 வசந்தத்துக்குப் பிராட்வேயின் செயின்ட் ஜேம்ஸ் அரங்கை அறிவித்திருக்கிறார்கள். அதில் சுமார் 1,700 இருக்கைகள். மூன்றாம் வரிசைச் சிரிப்புக்காக நடிகர் காத்திருப்பது அவ்வளவு பெரிய இடத்தில் நடக்குமா என்பது எனக்கு ஐயமாகவே இருக்கிறது. அங்கே போகிறவர்கள் முடிந்தால் மேல்மாடத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஜாக்கின் உதடு அங்கிருந்து தெரிந்ததா என்பதை இங்கே எழுதுங்கள்.