கலைச்சொல் தேவை: நம் கோபுரம் விழுந்த பின்னும் போகும் அவசர அழைப்பு

ரோஸ் ஹில், மொரிசியஸ்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நவம்பரில் புயல் பருவம் தொடங்குகிறது. அதற்குள் கோயிலிலும் மாலைப் பள்ளியிலும் கொடுக்க ஒரு துண்டறிக்கை தயாரிக்கிறோம். ஒரு பக்கம் கிரியோல், மறுபக்கம் தமிழ். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மற்றதெல்லாம் எழுதியாகிவிட்டது, ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

புயலில் நம் கம்பெனியின் கோபுரம் செயலிழந்தால், கைபேசித் திரையில் கோடுகள் மறைந்து 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று வருகிறது. இதற்கு என்ன பொருள் என்று என் மாணவர்களிடம் கேட்டேன். 'அவசரம் என்றால் மட்டும் கூப்பிடு, சும்மா கூப்பிடாதே' என்றார்கள். அவர்களுக்கு அது ஒரு கண்டிப்பு. ஒரு பையன் 'பேனா ரெஸோ' என்றான். வலை இல்லை என்பதற்கு இங்கே எல்லோரும் சொல்வது அதுதான். 'இப்போதும் கூப்பிட முடியும்' என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயித் தெருக்களில் வெள்ளம் கார்களை இழுத்துக்கொண்டு போனதைப் பார்த்த பிள்ளைகள் இவர்கள். அப்படியொரு நாளில் திரையில் அந்த வரியைப் பார்த்து போனைக் கீழே வைத்துவிட்டால் என்ன ஆகும்?

எனக்கு இரண்டு வேண்டும். திரையில் வரும் அந்த வரிக்கு நல்ல தமிழ் ஒன்று. இந்த வகை அழைப்புக்கு ஒரு பெயர் ஒன்று. டர்பன் தம்பி, உள்ளே என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள், அப்புறம் பெயர் வைப்போம்.

டர்பன், தென்னாப்பிரிக்கா

வணக்கம் அக்கா. நல்ல இடத்தில் கை வைத்திருக்கிறீர்கள்.

கைபேசி தன் சொந்தக் கம்பெனியின் அலையைத் தேடும். கிடைக்கவில்லையென்றால் பக்கத்தில் எந்தக் கம்பெனியின் கோபுரம் உயிரோடு இருந்தாலும் அதில் ஒதுங்கிக்கொள்ளும். அந்தக் கோபுரத்துக்கு இது வாடிக்கையாளர் இல்லை. அதனால் சாதாரண அழைப்பு போகாது, எஸ்எம்எஸ் போகாது, வாட்ஸ்அப் போகாது. அவசர எண்ணை அழுத்தினால் மட்டும் ஏற்றுக்கொள்ளும். தரநிலை அப்படித்தான் சொல்கிறது. சிம் இல்லாத கைபேசிக்கும் இது உண்டா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும்.

துண்டறிக்கையில் கட்டாயம் இருக்க வேண்டியவை சில. 112, 911 இரண்டையும் கைபேசி பிறவியிலேயே அவசர எண் என்று அறியும். உங்கள் ஊர் 114 (ஆம்புலன்ஸ்), 115 (தீயணைப்பு) அப்படி அல்ல. அவை அவசர எண்கள் என்று சிம் அட்டையோ வலையோ கைபேசிக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லியிராவிட்டால் கைபேசி 114ஐச் சாதாரண அழைப்பாக எடுத்துக்கொள்ளும், அது போகாது. ஆகவே அந்த வரி திரையில் தெரியும்போது முதலில் 112.

இன்னொன்று, இப்படிப் போகிற அழைப்பில் மறுமுனைக்காரர் உங்களைத் திரும்ப அழைக்க முடியாது. அந்தக் கோபுரத்தில் நீங்கள் பதிவாகவே இல்லை. எனவே முதல் மூச்சிலேயே இருக்கும் இடத்தைச் சொல்ல வேண்டும். அவர்கள் வைக்கச் சொல்லும் வரை வைக்கக் கூடாது.

இதற்கும் எல்லை உண்டு. பல இடங்களில் ஒரே கம்பத்தில் பல கம்பெனிகளின் ஆன்டெனா தொங்கும். மின்சாரம் போய் பேட்டரியும் தீர்ந்தால் எல்லாம் சேர்ந்தே போகும். பேட்டரி சில மணி நேரம்தான் தாங்கும். 2023இல் எங்கள் நாட்டில் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அந்தப் பேட்டரிகள் மறுபடி நிரம்பவே நேரம் கிடைக்கவில்லை. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் எங்கள் குவாசுலு நட்டால் மாகாணத்தில் நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதற்குப் பிறகு இதைப் பற்றி எங்கே பேசக் கேட்டாலும் எனக்குப் பொறுமை போய்விடுகிறது.

பெயருக்கு என் பரிந்துரை 'இரவல் கோபுர அழைப்பு'. கோபுரம் நம்முடையது இல்லை, அந்த நேரத்துக்கு வாங்கிக்கொள்கிறோம்.

யாங்கோன், மியன்மா

அன்புடையீர், வணக்கம்.

தம்பியின் விளக்கம் தெளிவு. 2025 மார்ச் 28இல் நிலம் நடுங்கியபோது மண்டலேயில் உள்ள உறவினர் குரலுக்காக நாங்கள் காத்துக் கிடந்தோம். ஆகவே இந்த இழையை நான் சொல்லாராய்ச்சியாக மட்டும் படிக்கவில்லை.

முதலில் 'அவசரம்' என்ற சொல்லையே பார்க்க வேண்டும். வடமொழியில் அது தக்க வேளையைக் குறிக்கும். இந்தியில் வாய்ப்பு, தெலுங்கில் தேவை, நம்மிடம் விரைவு. மொரீசில் இந்தியும் தெலுங்கும் படிக்கும் பிள்ளைகள் பக்கத்துப் பெஞ்சில் இருக்கிறார்கள். மூன்று பேர் மூன்று பொருள் கொள்ளும் சொல்லையா உயிர் காக்கும் அறிக்கையில் வைப்பது?

வள்ளுவர் தந்த சொல் இருக்கிறது: இடுக்கண். 'இடுக்கண் களைவதாம் நட்பு' என்பதைப் படிக்காத தமிழ் மாணவர் இல்லை. இடுங்கிய கண்ணே இடுக்கண் என்று கொள்வோர் உண்டு. துன்பம் வந்தவன் முகத்தில் முதலில் சுருங்குவது கண். எனவே 'இடுக்கண் அழைப்பு'.

இனி அந்த வகை அழைப்புக்குப் பெயர். கண்ணகி பாண்டியனிடம் சோழ நாட்டின் பெருமையைச் சொல்லும்போது, 'வாயிற் கடைமணி நடுநா நடுங்க, ஆவின் கடைமணி உகுநீர் நெஞ்சு சுட' என்கிறாள். முதல் கடைமணி அரண்மனை வாயிலில் தொங்கும் மணி. இரண்டாவது பசுவின் கண்ணின் கடைமணி. வாயிலுக்குக் கடை என்று பெயர், கண்ணின் ஓரத்துக்கும் கடை என்று பெயர். இடுக்கண்ணில் கண், கடைமணியில் கண். அந்த மணியை அடிக்க அந்தப் பசு யாருடைய வாடிக்கையாளராகவும் இருக்கத் தேவையில்லை. தம்பி சொன்ன அழைப்புக்கு இதைவிடப் பொருந்தும் பெயர் ஏது? 'கடைமணி அழைப்பு' என்று வையுங்கள்.

'இரவல்' வேண்டாம். இரப்பதன் வேரிலிருந்து வந்தது அது. இரவச்சம் என்று ஓர் அதிகாரமே வைத்த மொழி நம்முடையது. உயிர் போகும் நேரத்தில் உதவி கேட்பது பிச்சை ஆகாது, உரிமை.

ரோஸ் ஹில்

ஐயா, அந்தச் சிலம்பு வரியைப் படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் வகுப்பில் கடை என்றால் பூத்திக், ரொட்டியும் அரிசியும் விற்கிற கடை. 'கடைமணி அழைப்பு' என்று அச்சிட்டால், கடைக்காரருக்கு போன் செய்வது என்றுதான் புரிந்துகொள்வார்கள். இவர்களுக்குத் தமிழ் வீட்டு மொழி இல்லை. பள்ளியில் ஒரு பாடம், கோயிலில் தேவாரம், பாட்டி உயிரோடு இருந்தால் பாட்டி. இடுக்கண்ணும் அப்படித்தான். குறளை மனப்பாடம் செய்தவர்களில் பாதிப் பேர் அதைக் 'கண்' என்று நினைத்துத்தான் சொல்கிறார்கள்.

இந்தியும் தெலுங்கும் பற்றி நீங்கள் சொன்னது உண்மை. ஆனாலும் 'அவசரம்' என்றதும் பிள்ளைகள் ஓடத் தயாராகிறார்கள், அந்த அளவுக்குச் சொல் வேலை செய்கிறது. சிக்கல் 'மட்டும்' என்பதில்தான்.

சேன்ட் ஆந்த்ரே, ரியூனியன்

எல்லோருக்கும் வணக்கம். பெயர் கிடக்கட்டும், முதலில் அந்த 114ஐப் பாருங்கள். உங்கள் தீவில் 114 ஆம்புலன்ஸ். எங்கள் தீவில் 114 காது கேளாதவர்கள் எஸ்எம்எஸ் அனுப்பும் எண், ஆம்புலன்சுக்கு 15. இரண்டு தீவிலும் உறவு வைத்திருக்கும் குடும்பங்கள் நிறைய. உங்கள் துண்டறிக்கை படமாக எடுக்கப்பட்டு வாட்ஸ்அப்பில் இங்கே வந்து சேரும், எல்லாம் அப்படித்தான் வருகிறது. 'இந்த எண்கள் மொரிசியசுக்கு' என்று பெரிய எழுத்தில் போடுங்கள் அக்கா. 112 மட்டும் இரண்டு இடத்திலும் செல்லும்.

2025 பிப்ரவரி 28இல் கரான்ஸ் புயல் எங்கள் தீவைக் கடந்தபோது கைபேசி வலை பல இடங்களில் அறுந்தது. அப்போது பெரியவர்கள் வீட்டுத் தொலைபேசியை எடுத்துப் பார்த்தார்கள். பழைய செம்புக் கம்பி இணைப்புக்கு வீட்டு மின்சாரம் வேண்டாம். தொலைபேசி நிலையத்திலிருந்து 48 வோல்ட் அந்தக் கம்பியிலேயே வரும். ஃபைபர் வந்த வீட்டில் அது கிடையாது. பெட்டிக்கு மின்சாரம் இல்லையென்றால் தொலைபேசியும் இல்லை. 'வீட்டு போன் எப்போதும் வேலை செய்யும்' என்று எந்தப் பழைய அறிக்கையிலிருந்தாவது எடுத்து எழுதியிருந்தால் தயவு செய்து நீக்குங்கள்.

பெயரில் நான் யாங்கோன் ஐயா பக்கம். 'இரவல்' வேண்டாம். வேர்ச்சொல் எனக்குத் தெரியாது, எனக்கு வேறு காரணம் இருக்கிறது. இரவல் வாங்கினால் திருப்பித் தர வேண்டும், காசு கேட்பார்களோ என்று ஏழை வீட்டில் தயங்குவார்கள். 'மாற்றுக் கோபுரம்' என்று சொல்லுங்கள்.

டர்பன்

அக்கா, 'மாற்றுக் கோபுரம்' என்றால் எங்கோ தனியாக ஒரு கோபுரம் இதற்கென்று கட்டி வைத்திருப்பதாகத் தோன்றும். அப்படி எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் இரவல் வாங்காத வீடு உண்டா? அந்தச் சொல்லில் எனக்குக் குறை தெரியவில்லை. காசு பற்றிய பயத்துக்கு 'இலவசம்' என்று ஒரு வார்த்தை சேர்த்தால் போதும்.

திரை வரிக்கு ஒன்று தோன்றுகிறது. 'மட்டும்' என்பதைத் தூக்கிவிட்டு 'உண்டு' போட்டால் என்ன? 'அவசர அழைப்புகள் உண்டு'.

ரோஸ் ஹில்

தம்பி! இதுதான். இன்று மாலை வகுப்பில் பலகையில் எழுதிப் பார்த்தேன். 'அப்போ கூப்பிடலாமா டீச்சர்?' என்றார்கள். வேறு விளக்கமே தேவைப்படவில்லை.

யாங்கோன்

'உண்டு' என்பதை மனமார ஏற்கிறேன். ஆனால் 'அழைப்புகள் உண்டு' என்பது பிழை. ஒன்றன் படர்க்கை, அதாவது அஃறிணை ஒருமை வினை, த ற ட ஊர்ந்த குற்றியலுகரத்தில் (து, று, டு) முடியும் என்பது தொல்காப்பியர் விதி. வந்தது, கூறிற்று, குறுந்தாட்டு. உண்டு என்பதில் நிற்பதும் அதே டு. ஆகவே அது ஒருமைக்கே உரியது, பன்மைக்கு 'உள' என்றே வர வேண்டும். 'அவசர அழைப்புகள் உள'.

டர்பன்

ஐயா, 'உள' என்று போட்டால் எழுத்து விட்டுப்போன அச்சுப்பிழை என்று நினைப்பார்கள். 'வேறு இல்லை உண்டு ஐம்பால் மூவிடத்தன', அதாவது உண்டு ஒருமை பன்மை எல்லாவற்றுக்கும் பொது என்று நன்னூலார் வழி விட்டிருக்கிறார் அல்லவா? பவணந்தி முனிவர் காலத்திலேயே மக்கள் அப்படிப் பேசிவிட்டார்கள்.

யாங்கோன்

நன்னூலார் வழக்கைப் பதிவு செய்தார், தொல்காப்பியர் இயல்பைச் சொன்னார். வழக்கு வென்றதனால் இயல்பு மாறிவிடாது. ஒருமையாக எழுதுங்கள்: 'அவசர அழைப்பு உண்டு'. இலக்கணமும் நிற்கும், பிள்ளைகளுக்கும் புரியும், அச்சில் இடமும் மிச்சம். 'அவசரம்' பற்றிய என் மறுப்பை நான் திரும்பப் பெறவில்லை. சொற்பட்டியலில் 'இடுக்கண் அழைப்பு' என்பதையும் அடுத்த வரியில் குறித்து வையுங்கள். ஒரு தலைமுறை பழகினால் அதுவும் எளிய சொல்லாகும். 'பேருந்து' என்ற சொல்லும் ஒரு நாள் புதிதாக இருந்ததுதானே.

பாம்ப்ளெமூஸ், மொரிசியஸ்

வணக்கம். கோயில் அச்சு வேலையைப் பார்ப்பவன் நான். நாளை மாலைக்குள் கோப்பு வராவிட்டால் பிறகு அடுத்த வாரம்தான். விண்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் கைபேசிகள் 2022 முதல் வருகின்றனவாமே, அதையும் சேர்க்கலாமா என்று இளைஞர்கள் கேட்கிறார்கள்.

டர்பன்

வேண்டாம் அண்ணா. அந்தச் சேவை குறிப்பிட்ட சில நாடுகளுக்குத்தான். திறந்த வானம் வேண்டும், கைபேசியைத் திருப்பித் திருப்பிப் பிடிக்க வேண்டும். நம் ஊர்க்காரர் அதை நம்பி வெளியே போய் மழையில் நின்றுவிடக் கூடாது. அதற்குப் பதில், எந்தக் கோபுரமும் இல்லாமல் 'சேவை இல்லை' என்றே வந்தால் என்ன செய்வது என்று எழுதுங்கள். நகர முடிந்தால் பக்கத்துக் காவல் நிலையம் அல்லது தீயணைப்பு நிலையத்துக்கு ஆளை அனுப்ப வேண்டும். முடியாவிட்டால் சற்று நேரம் விட்டு மறுபடி 112. பேட்டரியை மிச்சம் பிடிக்க வேண்டும்.

ரோஸ் ஹில்

சரி, கோப்பை அனுப்பிவிட்டேன். அச்சுக்குப் போகும் பகுதி இது:

'திரையில் அவசர அழைப்பு மட்டும் என்று வந்தால் பயப்பட வேண்டாம். அவசர அழைப்பு உண்டு என்பதே அதன் பொருள். உங்கள் கம்பெனியின் கோபுரம் வேலை செய்யவில்லை, வேறு கம்பெனியின் இரவல் கோபுரம் கிடைத்திருக்கிறது. இது இலவசம். 112ஐ அழுத்துங்கள். முதலில் இடத்தைச் சொல்லுங்கள். அவர்கள் உங்களைத் திரும்ப அழைக்க முடியாது, ஆகவே அவர்கள் சொல்லும் வரை வைக்காதீர்கள். இந்த எண்கள் மொரிசியசுக்கு.'

'இரவல்' பற்றி இருவர் எதிர்த்தீர்கள். தம்பியும் நானும் அச்சுக்கார அண்ணாவும் ஆதரவு. எல்லோரையும் சமாதானப்படுத்த இனி நேரம் இல்லை. சொற்பட்டியலில் மூன்றையும் போட்டிருக்கிறேன்: இரவல் கோபுரம், மாற்றுக் கோபுரம், கடைமணி அழைப்பு. ஐயா, கடைமணியை அடுத்த தவணை மேல்வகுப்புக்கு அந்தச் சிலம்புப் பகுதியோடு சேர்த்தே நடத்தப் போகிறேன்.

சேன்ட் ஆந்த்ரே

வேலை முடிந்ததில் மகிழ்ச்சி அக்கா. எங்கள் சங்கத்துக்கு நான் எடுக்கும் பிரதியில் 'இரவல்' இருக்காது, 'மாற்றுக் கோபுரம்' என்றே போடுவேன். 114 வரியை எடுத்துவிட்டு 15 சேர்க்கிறேன். செம்புக் கம்பி பற்றி ஒரு பத்தியும் வரும். ஃபைபருக்கு மாறாத வீடுகள் எங்கள் மேட்டுப் பகுதியில் இன்னும் இருக்கின்றன. அவர்களுக்கு அந்தப் பழைய தொலைபேசியைத் தூக்கிப் போட வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.