காயில் (சுருள்) ஸ்பிரிங்கைத் தீயில் காட்டிக் காரைத் தாழ்த்தலாமா?

ராயபுரம் வாசி:
சென்ற ஆண்டு என் காரைச் சற்றுத் தாழ்த்த விரும்பியபோது, தெருமுனைப் பட்டறையில் பின்பக்க ஸ்பிரிங்குகளின் அடிச்சுற்றை கேஸ் வெல்டிங் தீயால் சிவக்கக் காய்ச்சி, வண்டியின் எடையிலேயே அமுங்கவிட்டார்கள். சுற்றை அறுத்தால் ஸ்பிரிங் விறைத்துவிடும், சூடு காட்டினால் விறைக்காது என்பதால் இதுவே மேலான வழி என்பது என் கருத்து. ஆண்டுதோறும் மே மாத வெயிலைத் தாங்கும் எஃகைச் சில நிமிடத் தீ என்ன செய்துவிடும்?

எண்ணூர் கடைசல்காரர்:
ஐயா, வெயிலையும் தீயையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். 42 டிகிரி வெயில் ஸ்பிரிங்குக்கு ஒரு பொருட்டே அல்ல. தொழிற்சாலையில் எஃகைச் சிவக்கக் காய்ச்சி, எண்ணெயில் தோய்த்து, பின்பு ஏறத்தாழ 400 டிகிரியில் மீண்டும் சூடாக்கித்தான் பதம் (அமுங்கினாலும் பழைய நிலைக்கு மீளும் உறுதி) ஏற்றுகிறார்கள். கம்பி சிவக்கும் அளவுக்குத் தீ பட்டால், அதாவது 700 டிகிரியை நெருங்கினால், அந்த இடத்தில் பதம் இறங்கிவிடும். அதன்பின் பள்ளத்தில் விழும் ஒவ்வொரு முறையும் அந்தப் பகுதி சிறிது சிறிதாக நிரந்தரமாக அமுங்கும். மேல்பூச்சும் கருகிவிடுவதால், காசிமேட்டிலிருந்து எண்ணூர் வரை வீசும் உப்புக்காற்றில் துருக்குழிகள் விழும். விரிசல் தொடங்குவது பெரும்பாலும் அத்தகைய குழியில்தான்.

ராயபுரம் வாசி:
பதம் வேறு, விறைப்பு வேறு. கம்பியின் தடிமன், சுற்றின் விட்டம், இயங்கும் சுற்றுகளின் எண்ணிக்கை ஆகியவையே விறைப்பைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் எதையும் தீ மாற்றவில்லையே!

எண்ணூர் கடைசல்காரர்:
கடைசியாகச் சொன்னதை மாற்றிவிட்டது. அமுங்கிய சுற்று அடுத்ததன்மேல் படிந்துவிட்டால் அது இயங்காத சுற்று. ஆறில் ஒன்று அப்படிப் படிந்தால் விறைப்பு 20 விழுக்காடு கூடும், அறுத்தாலும் அதே கணக்குதான். வண்டியைத் தாழ்த்தத்தான் வேண்டுமென்றால், அதற்கென்றே வடிவமைத்த, நீளம் குறைந்த ஸ்பிரிங்கை வாங்குங்கள். அமுங்க இடம் குறைவதால் அதில் விறைப்பைத் திட்டமிட்டுக் கூட்டியிருப்பார்கள். சுற்றின் விட்டமும் எண்ணிக்கையும் மாறாமல், 12 மில்லிமீட்டர் கம்பியை 13 ஆக்கினாலே விறைப்பு 38 விழுக்காடு ஏறிவிடும் என்பதால், அது கண்மதிப்பில் செய்யும் வேலை அல்ல.

திருவொற்றியூர் ஓட்டுநர்:
கன்டெய்னர் லாரிகள் குழிபறித்த எங்கள் சாலைகளில் தாழ்ந்த வண்டியை ஓட்டுவதையே நான் ஏற்கமாட்டேன்.

ராயபுரம் வாசி:
இன்று காலை சக்கர வளைவின் உயரத்தை இருபுறமும் அளந்தேன். வலப்புறம் 14 மில்லிமீட்டர் தாழ்ந்திருக்கிறது. ஆயினும் இது பட்டறைக்காரரின் கைப்பிழையே தவிர, முறையின் பிழை அன்று.

எண்ணூர் கடைசல்காரர்:
தீயின் அளவைக் கண்ணால் மட்டுமே பார்த்துச் செய்யும் முறையில் இரண்டு ஸ்பிரிங்குகள் ஒன்றுபோல அமைவது அரிது, ஐயா. அடுத்த மாதம் அதே இடத்தில் மீண்டும் அளந்து எழுதுங்கள். அதுவரை பின்னிருக்கையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு வேகமாகச் செல்லாதீர்கள்.