வீட்டு வைஃபையில் அடையாளம் தெரியாத இரண்டு கருவிகள்: மேக் வடிகட்டி போதுமா?

நீலவானம்:
வணக்கம். இரவு நேரத்தில் இணையம் மந்தமாவதால், சென்ற வாரம் எங்கள் ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலில், எங்களுடையவை என்று அடையாளம் காண முடியாத இரண்டு கருவிகள் இருந்தன. பதற்றத்தில் முதல் வேலையாக வைஃபையின் பெயர் வெளியே தெரியாதபடி மறைத்தேன். ஆனாலும் அவை இரண்டும் பட்டியலில் தொடர்கின்றன. இனி, எங்கள் கருவிகளின் மேக் முகவரிகளை (வலையமைப்பில் ஒவ்வொரு கருவியையும் அடையாளம் காட்டும் எண்களை) மட்டும் அனுமதிக்கும் வடிகட்டியை இயக்கலாம் என்று எண்ணுகிறேன். அது போதுமா? பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ2. கடவுச்சொல், வீட்டில் எல்லோருக்கும் நினைவிருக்க வேண்டும் என்பதற்காக, என் பத்து இலக்கக் கைபேசி எண்.

செம்பருத்தி:
அந்த இரண்டும் அந்நியருடையவைதாம் என்று முடிவு கட்டுவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். இப்போதைய கைபேசிகள், தங்களைப் பின்தொடர முடியாதிருக்க, உண்மையான மேக் முகவரிக்குப் பதிலாகத் தாமே உருவாக்கிய ஒரு முகவரியைக் காட்டுகின்றன. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14 ஆகிய பதிப்புகளிலிருந்து இது இயல்பாகவே இயங்குகிறது. முகவரியின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, ஈ ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால், அது பெரும்பாலும் இவ்வாறு உருவாக்கப்பட்ட முகவரியே. வீட்டிலுள்ள ஒவ்வொரு கைபேசியிலும் வைஃபை விவரத்தைத் திறந்து, அங்கே காட்டப்படும் முகவரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பழைய ஆன்டெனா:
மேலே சொன்னது சரி. ஆனால் அந்தக் கருவிகள் யாருடையவையாக இருந்தாலும், நீங்கள் கடைசியாகக் குறிப்பிட்ட கடவுச்சொல்தான் எனக்குக் கவலை அளிக்கிறது.

பெயரை மறைப்பதும் முகவரியால் வடிகட்டுவதும், விவரம் தெரியாமல் வருபவரைத்தான் தடுக்கும். விவரம் தெரிந்து வருபவரைத் தடுக்காது. மேக் முகவரிகள் மறையாக்கம் செய்யப்படாமல் காற்றில் செல்வதால், அருகிலிருந்து கவனிப்பவர் அனுமதிக்கப்பட்ட ஒரு முகவரியைப் படித்து, அதையே தம் கணினிக்குச் சூட்டிக்கொள்ள முடியும். மறைத்த பெயரும் அப்படித்தான்: உங்கள் கருவி ஒவ்வொரு முறை இணையும்போதும் அது வெளிப்படும்.

டபிள்யூபிஏ2 முறையில் ஒரு கருவி இணையும்போது ரவுட்டரோடு நான்கு செய்திகள் பரிமாறப்படுகின்றன. அவற்றைப் பதிவு செய்துகொண்ட ஒருவர், பிறகு உங்கள் வீட்டுப் பக்கமே வராமல், தம் கணினியில் அமர்ந்தபடி கடவுச்சொல்லை ஊகித்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். எத்தனை முறை தவறினாலும் உங்கள் ரவுட்டருக்குத் தெரியவே தெரியாது. பத்து இலக்கங்களில் அமையக்கூடிய எண்கள் மொத்தம் ஆயிரம் கோடி. கேட்க மலைப்பாக இருக்கும். ஆனால் ஒரு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை விநாடிக்குச் சில லட்சம் ஊகங்களைச் செய்யும் என்பதால், ஒரு நாளுக்குள் அத்தனையையும் முயன்று முடித்துவிடலாம். அது உங்கள் கைபேசி எண் என்பதால், உங்களை அறிந்தவருக்கு அந்த உழைப்பும் தேவையில்லை. கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை இருக்கலாம். ஒன்றோடொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து எழுதினால் நினைவிலும் நிற்கும், ஊகிக்கவும் முடியாது.

அத்துடன், கடவுச்சொல்லைத் தட்டாமலே ஒரு பொத்தானாலோ எண்ணாலோ கருவியை இணைக்கும் டபிள்யூபிஎஸ் வசதியை அணைத்துவிடுங்கள். அதன் எட்டு இலக்க எண்ணை ரவுட்டர் இரண்டு பாதிகளாகத் தனித்தனியே சரிபார்ப்பதாலும், கடைசி இலக்கம் முந்தையவற்றிலிருந்தே கணக்கிடப்படுவதாலும், அதிகபட்சம் 11,000 முயற்சிகளில் அது பிடிபடும் என்பது 2011-இலேயே வெளியானது. அந்த வழி திறந்திருந்தால், நீங்கள் எவ்வளவு நீண்ட கடவுச்சொல் வைத்தாலும் வீண்.

ரவுட்டரில் அடுத்த தலைமுறைப் பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 இருந்தால் அதற்கு மாறுங்கள். பதிவு செய்துகொண்டு பிறகு ஊகிக்கும் வழியை அது அடைத்துவிடுகிறது. பழைய கருவிகளுக்காக இரண்டும் கலந்த முறையை வைக்க நேர்ந்தால், நீண்ட கடவுச்சொல் அப்போதும் தேவை. இரவு மந்தத்தை ஊடுருவலுக்குச் சான்றாகக் கொள்ளாதீர்கள். அக்கம்பக்கத்து ரவுட்டர்கள் எல்லாம் 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒரே சானலில் நெருக்கியடித்தாலும் அப்படித்தான் இருக்கும்.

நீலவானம்:
இருவருக்கும் நன்றி. ஒன்று என் மகளின் கைபேசி. இரண்டாவது எழுத்து ஏ. மற்றொன்று எந்தக் கைபேசியோடும் பொருந்தவில்லை. கடவுச்சொல்லை ஆறு சொற்களாக மாற்றி, டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தவுடன் அது பட்டியலிலிருந்து மறைந்துவிட்டது. பெயரை மறைத்ததையும் நீக்கிவிட்டேன். அப்படியானால் அது அந்நியர்தாமா?

இரவுக்காவல்:
அதை இப்போது உறுதியாகச் சொல்ல இயலாது. பழைய கடவுச்சொல்லை வைத்திருந்த எல்லாக் கருவிகளும் ஒன்றாகத்தான் துண்டிக்கப்பட்டிருக்கும். அவற்றுள் உங்களுடைய மறந்துபோன கருவி ஒன்றும் இருக்கலாம். சில நாள்களில் வீட்டில் ஏதேனும் வேலை செய்யாமல் நின்றால் விடை கிடைத்துவிடும்.

ஆனால் அந்நியர் உள்ளே இருந்திருக்கலாம் என்றே கொண்டு, ரவுட்டரின் அமைப்புப் பக்கத்துக்கான கடவுச்சொல்லையும் பாருங்கள். அது வைஃபை கடவுச்சொல் அன்று; பலர் பெட்டியோடு வந்ததை மாற்றுவதே இல்லை. அதன் வழியே உள்ளே நுழைந்தவர் டிஎன்எஸ் முகவரியை, அதாவது தளத்தின் பெயரைக் கொண்டு அது இருக்கும் இடத்தைச் சொல்லும் சேவையின் முகவரியை, மாற்றியிருந்தால், நீங்கள் தட்டச்சு செய்யும் தளத்துக்குப் பதிலாக வேறொரு போலித் தளத்துக்கு உங்களை அனுப்ப முடியும். வைஃபை கடவுச்சொல்லை மாற்றினாலும் அது அப்படியே இருக்கும். ஐயம் இருந்தால், ரவுட்டரைத் தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைத்து, மென்பொருளைப் புதுப்பித்து, எல்லாவற்றையும் புதிதாக அமைப்பதே நல்லது. வெளியிலிருந்து இணையம் வழியாக நிர்வகிக்கும் வசதி இயங்கினால் அணைத்துவிடுங்கள். கேமரா, விளக்கு போன்றவை இருந்தால் அவற்றை, உங்கள் மற்ற கருவிகளிலிருந்து பிரித்து வைக்கும் விருந்தினர் வலையமைப்பில் வையுங்கள். அவற்றுக்கு மென்பொருள் புதுப்பிப்பு வருவது அரிது.

நீலவானம்:
அமைப்புப் பக்கத்தின் கடவுச்சொல், ரவுட்டரின் அடியில் ஒட்டியிருந்த அதே சொல்தான், மாற்றிவிட்டேன். டிஎன்எஸ் முகவரி மாறியிருக்கவில்லை. இருந்தாலும் மீட்டமைத்து, மென்பொருளையும் புதுப்பித்தேன். இன்று காலை மகள் எதையோ அச்சிட முயன்றபோது பிரிண்டர் அசையவில்லை. அதன் அடியில் எழுதியிருந்த மேக் முகவரியை, நான் குறித்து வைத்திருந்த இரண்டாவது முகவரியோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தது.